ஏழாவது ஃபாரம்

லொக்மானுக்கு வலதுகைக் கட்டைவிரலும் அதை ஒட்டின இரண்டு விரலும் போன பிறகு, அவன் வீட்டில் முதலில் நின்றுபோனது புத்தகத்தைக் கைபோட்டுப் பார்க்கிற வேலை. அடுக்கித் தைத்த புத்தகத்தை முதுகில் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் ஓரத்தை அழுத்தி விர்ரென்று விட்டுப் பார்ப்பான். எந்த ஃபாரம், அதாவது பதினாறு பக்கமாக மடித்த அச்சுத்தாள், தலைகீழாக இருக்கிறது, எது இரண்டு தடவை வந்திருக்கிறது என்பது கண்ணுக்கு முன்னால் அந்த விரலுக்குத் தெரிந்துவிடும். அவன் பெண்டாட்டி மொமேனா நன்றாக மடிப்பாள், நன்றாகத் தைப்பாள். ஆனால் அந்த விரல் அவளுக்கு இல்லை. வேறு யாருக்கும் இருந்து நான் பார்த்ததில்லை.

எனக்கு அதே கட்டடத்தில் கீழே கட்டிங் மிஷின். முப்பத்தெட்டு வருஷமாக இந்தப் புத்தகத் தெருவில், பங்களாபஜாரில், புத்தகத்தின் மூன்று பக்கத்தையும் வெட்டிக்கொண்டிருக்கிறேன். படிக்க வராது. எண் தெரியும், கெராமத் என்று என் பெயரை எழுதத் தெரியும். எழுதுகிறவர்களையும் நான் நம்பினதில்லை, எழுதாதே என்று சொல்கிறவர்களையும் நம்பினதில்லை. இரண்டு பேருமே கடைசியில் நம்மிடம் வந்து, சீக்கிரம் கட்டிக் கொடு என்பார்கள்.

அக்டோபரில் ஒரு நாள் பகல் பதினொரு மணிக்கு, அஷ்ஃபாக் என்கிற பதிப்பாளரின் அலுவலகத்துக்கு லொக்மான் அட்டை மாதிரி காட்டப் போயிருந்தான். அஷ்ஃபாக் தானே எழுதி தானே போடுகிற ஆள். மூன்று பையன்கள் புத்தகம் வாங்க வந்தவர்கள் மாதிரி பையோடு வந்தார்கள். பைக்குள் இறைச்சிக்கடைக் கத்தி இருந்தது. அஷ்ஃபாக் அங்கேயே மவுத்தானார். லொக்மான் கையைத் தூக்கினதால் கழுத்துக்கு வந்தது கையோடு போயிற்று.

ஒரு வாரம் பத்திரிகைக்காரர்கள் எங்கள் படியில் ஏறி இறங்கினார்கள். மெழுகுவர்த்தி வைத்தவர்கள் வந்தார்கள். ஒரு போலீஸ் அதிகாரி வந்து, "இந்த மாதிரி விஷயத்தையெல்லாம் ஏன்தான் எழுதறாங்களோ" என்று வெட்டுப்பட்டவனிடமே சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். பிறகு யாரும் வரவில்லை. அஷ்ஃபாக்கின் கடைசிப் புத்தகம் மட்டும் லொக்மான் வீட்டில் இருந்தது. பதினெட்டு ஃபாரம், ஆயிரம் பிரதிக்கான தாள், மடிக்காமல், தார்ப்பாய் போட்டு மூடி. மொமேனா அதன்மேல் படுக்கையை விரித்திருந்தாள். லொக்மான் அதில்தான் தூங்கினான்.

ஜனவரியில் பனி. சதர்காட் படகுத்துறையில் லாஞ்சுகள் கரை தெரியாமல் ஊதிக்கொண்டே நின்றன. காய்ச்சி வைத்த பசை காலைக்குள் இறுகிப்போயிற்று. அப்படி ஒரு காலையில் அஷ்ஃபாக்கின் மனைவி இஃபத் மாடியேறி வந்தாள். பள்ளிக்கூட டீச்சர். ஒல்லியான பெண்மணி. வந்தவள் உட்காராமலே பேசினாள்.

"லொக்மான் பாய், பிப்ரவரி ஒண்ணாந்தேதி புத்தக மேளாவுல எனக்குக் கடை குடுத்திருக்காங்க. இந்தப் புத்தகத்த அங்க வைக்கணும். நாலு பைண்டர்கிட்ட கேட்டுட்டேன். தாள எடுத்துட்டு வரவே வேணாம்னுட்டாங்க. பிரஸ்காரரும் இனிமே அடிக்க மாட்டாராம். இருக்கறது இந்த ஆயிரம்தான்."

மொமேனா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தவள் திரும்பினாள். "ஆபா, இவரு கையப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"பார்த்துட்டுமா கேக்கறீங்க?"

லொக்மான்தான் பதில் சொன்னான். "எடுத்த வேலை ஆபா. கட்டித் தர்றேன்."

அவள் போன பிறகு அந்த வீட்டில் நடந்த சண்டை கீழே என் மிஷின் வரைக்கும் கேட்டது. என்னை மேலே கூப்பிட்டாள் மொமேனா.

"சாச்சா, நீங்களாவது சொல்லுங்க. ஒரு கை போச்சு. மீதிக் கையையும் கொண்டுபோய்க் குடுக்கணுங்கறாரு."

"காகிதக் கூழுக்குப் போட்டுருடா" என்றேன். "எடை போட்டு எடுத்துக்கிட்டுப் போயிடுவான். ஒரு மணி நேர வேலை."

"அதுல ஆயத்து அச்சடிச்சிருக்கு சாச்சா. எல்லா ஃபாரத்துலயும் இருக்கு. வேதவாக்கு இருக்கற தாள கூழுக்குப் போட்டா பாவம் யாருக்கு?" என்றான் லொக்மான்.

"அப்ப ஆத்துல விடு. அப்படித்தான செய்வோம்."

"புரிகங்காவுலயா? அதுல மீனே இருக்க மாட்டேங்குது."

மொமேனாவுக்குச் சிரிப்பு வந்தது, உடனே கோபமும் வந்தது. "இந்த வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. கை போனா என்ன."

லொக்மான் இடதுகையால் ரொட்டியைப் பிய்த்தான். மூன்று மாதமாக அவன் வேறு ஆள் முன்னால் சாப்பிடுவதில்லை, இடதுகையால் தின்பதைப் பார்க்க வேண்டாம் என்று. என் முன்னால் மட்டும் தின்பான்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன் சாச்சா" என்றான். "அன்னிக்கு அவங்க உள்ள வந்ததும் அஷ்ஃபாக் பாய் என்னைப் பார்த்து, 'நீங்க வேலைக்காரர்னு சொல்லுங்க, விட்டுருவாங்க'ன்னாரு. நான் சொன்னேன். நான் வெறும் பைண்டர், எனக்கும் இவருக்கும் ஒண்ணும் இல்ல, இந்தப் புத்தகத்துல என்ன இருக்குன்னே எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன். அவரு காதுல அதுதான் கடைசியா விழுந்திருக்கும்."

"உண்மையத்தான சொன்ன."

"உண்மைதான்" என்றான். "அதுக்குத்தான் கட்டணுங்கறேன்."

மொமேனா தோசைக்கல்லை இறக்கி வைத்தாள். பிறகு, "மடிக்கற பொம்பளைங்ககிட்ட எந்தப் புத்தகம்னு சொல்லக் கூடாது" என்றாள். அவ்வளவுதான் அவள் சம்மதம்.

சொல்லாமல் இருப்பதற்கு வசதியும் இருந்தது. ஒவ்வொரு ஃபாரத்தின் முதல் பக்கத்திலும் அடியில் பொடி எழுத்தில் புத்தகத்தின் பெயரையும் ஃபாரத்தின் எண்ணையும் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அஷ்ஃபாக் பயந்துபோய் பெயரை எடுக்கச் சொல்லியிருந்தார். எண் மட்டும் இருந்தது. பார்த்தால் எந்தப் புத்தகம் என்று தெரியாது.

அதே சமயத்தில் வீட்டில் இன்னொரு வேலையும் இருந்தது. சவுக்பஜாரில் மத நூல் கடை வைத்திருக்கிற மவுலானா சிப்கதுல்லாவின் தொழுகைப் புத்தகம், ஐந்நூறு. அவர் பதினைந்து வருஷ வாடிக்கை. அந்த வீட்டின் அரிசி பாதிக்குமேல் அவர் வேலையில்தான் வந்தது. அதே அளவு, அதே வெள்ளைத் தாள். மொமேனாவும் இரண்டு பெண்களும் தரையில் உட்கார்ந்து, மூங்கில் தகட்டால் தேய்த்துத் தேய்த்து இரண்டையும் மடித்தார்கள். நூறு நூறாகக் கட்டிச் சுவரோரம் அடுக்கினார்கள். இரண்டு நாள் மின்சாரம் வந்து வந்து போயிற்று. தொழுகைப் புத்தகத்தை முதலில் தைத்துக் கீழே அனுப்பினாள். நான்தான் மூன்று பக்கமும் வெட்டினேன். வேனில் ஏற்றி அனுப்பியாயிற்று. ஏழாவது ஃபாரத்தில் ஒரு கட்டு மீந்தது. பிரஸ்காரன் கூடுதலாக அடித்திருப்பான் என்று மொமேனா அதை ஓரமாக வைத்தாள். பிரஸ்காரன் கூடுதலாக அடிப்பதுண்டுதான், நூறு அடிக்க மாட்டான். லொக்மானாக இருந்தால் யோசித்திருப்பான். அவன் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கைக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தான்.

நாலு நாள் கழித்து அஷ்ஃபாக்கின் புத்தகத்தை அடுக்க உட்கார்ந்தார்கள். காலை பத்து மணி இருக்கும். மேலேயிருந்து மொமேனா கூப்பிட்ட குரலுக்கு மிஷினை நிறுத்திவிட்டு ஏறினேன். போய்ப் பார்த்தால், தரையில் பதினெட்டு குவியல், அதில் ஏழாவது மட்டும் குட்டையாக இருந்தது. நூறு குறைகிறது. அவள் மடியில் அந்த மீந்த கட்டு அவிழ்ந்து கிடந்தது. அவள் எட்டாவது வரை படித்தவள்.

"இது தொழுகைப் புத்தகம் சாச்சா" என்றாள். "செத்தவங்களுக்குத் தொழற ஜனாஸாத் தொழுகை எப்படின்னு போட்டிருக்கு. இதோட ஏழாவது."

"அப்ப அஷ்ஃபாக்கோட ஏழாவது?"

கொலையுண்டவன் எழுதின பதினாறு பக்கம் நூறு தொழுகைப் புத்தகத்துக்கு நடுவில் தைத்து, ஒட்டி, நானே ஓரம் வெட்டி, மவுலானா கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

லொக்மான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். "வேணும்னு செஞ்சதாத்தான் சொல்லுவாங்க."

"யாரு கேக்கப்போறா வேணுமா வேணாமான்னு" என்றாள் மொமேனா. "பைண்டர் லொக்மான், ஏற்கெனவே வெட்டுப்பட்டவன், அந்த ஆளோட சிநேகிதன். போதாதா? என் புத்திய செருப்பால அடிக்கணும்."

"உங்க ஊருக்குப் போயிடுங்க" என்றேன். "இன்னிக்கே லாஞ்சு ஏறுங்க. நான் பூட்டிக்கறேன்."

"போனா, ஓடிட்டான், அப்ப வேணும்னுதான் செஞ்சிருக்கான்னு ஆயிடும்" என்றான் லொக்மான். "மவுலானாகிட்ட போய்ச் சொல்லிடலாம்."

"அவரு யாரு? அவரு தாடி யாரு பக்கம்? போய் நீயே கழுத்தக் குடுக்கறியா?"

"பதினஞ்சு வருஷமாத் தெரியும் சாச்சா."

"எனக்கு இருபது வருஷமாத் தெரியும். அதனாலதான் சொல்றேன்."

ஆனாலும் போனோம். மூன்று பேரும் போனோம். ரிக்ஷாவில் இடமில்லாமல் நான் நடந்தேன். பனி இன்னும் விலகவில்லை. சவுக்பஜார் சந்தில் பாகர்கானி ரொட்டி அடுப்பின் சூட்டில் நாலு நாய் படுத்திருந்தன. அதுகளைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

கடையில் மவுலானாவின் மருமகன் ஹம்மாத் நின்றிருந்தான். முப்பது வயது, முதல் பக்கத்தைப் படிக்கிறதுக்கு முன்னாலேயே கோபப்படுகிற ஆள். மவுலானா உள்ளே பாயில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்தார். லொக்மான் சால்வைக்குள் வைத்திருந்த கையைப் பார்த்தார்.

"ஹம்மாத், அந்தச் சில்ஹெட் பார்சல தபாலாபீஸ்ல போட்டுட்டு வந்துரு."

"சாயங்காலம் போறேன் மாமா."

"இப்பப் போ. சாயங்காலம் வரிசை நிக்கும்."

அவன் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனான். அவன் தெரு முனை திரும்புகிற வரைக்கும் மவுலானா பேசவில்லை. பிறகு பாயின் அடியிலிருந்து ஒரு தொழுகைப் புத்தகத்தை எடுத்து வைத்தார். நடுவில் பென்சில் செருகியிருந்தது.

"இதுக்குத்தான வந்திருக்கீங்க?"

மொமேனா அழ ஆரம்பித்தாள். "ஹுஸூர், நான்தான் மாத்தி வச்சிட்டேன். இவருக்கு ஒண்ணும் தெரியாது. இவரு ஆஸ்பத்திரியில இருந்தாரு. அல்லா மேல சத்தியமா—"

"சத்தியமெல்லாம் வேணாம் தாயி. ஏழுக்கு ஏழு மாறியிருக்கு. வேணும்னு செய்யறவன் ஏழாவதப் போய் ஏழாவது இடத்துல வைக்க மாட்டான், முதல்ல வைப்பான். உக்காருங்க."

உட்கார்ந்தோம். அவருக்கு மூச்சிரைப்பு. ஒவ்வொரு பேச்சுக்கும் நடுவில் நிறுத்தினார்.

"முந்தாநாள் பார்த்தேன். அந்த மாதிரி இருந்ததையெல்லாம் தனியா எடுத்து உள்ள வச்சிட்டேன். மூணு மட்டும் அதுக்குள்ள வித்துப்போச்சு."

"யாரு ஹுஸூர் வாங்கினது?" என்று கேட்டேன்.

"தொழுகை கத்துக்க வர்றவன்கிட்ட உன் பேரு என்ன, உன் ஊரு என்னன்னு கேப்பாங்களா கெராமத் மியா? திரும்பி வந்தா நான் பதில் சொல்லிக்கறேன். எங்க கட்டினதுன்னு கேட்டா எனக்கு ஞாபகமறதி. வயசாச்சுல்ல."

லொக்மான் அந்தப் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தான். "படிச்சீங்களா ஹுஸூர்?"

"படிக்காம எப்படிய்யா தப்புன்னு சொல்றது? பதினாறு பக்கமும் படிச்சேன். தாயத்து கட்டறதப் பத்தி எழுதினது சரி. நானும் இருபது வருஷமாச் சொல்றேன், எவன் கேக்கறான். கிராமத்துல கூடி உக்காந்து பொம்பளைக்குக் கசையடி குடுக்கறாங்களே, அதப் பத்தி எழுதினதுல பாதி சரி. மத்ததெல்லாம் தப்பு. ரெண்டு ஹதீஸைத் தலைகீழாப் புரிஞ்சிருக்கான். ஆதாரம் எங்கன்னு போடவே இல்ல. சின்னப் பையன் மாதிரி எழுதியிருக்கான்." புத்தகத்தைத் திறந்து காட்டினார். ஓரமெல்லாம் பென்சில் எழுத்து, எறும்பு ஊர்ந்த மாதிரி. "அஞ்சாவது பக்கத்துல, 'இதை முன்பே நிறுவினேன்'ங்கறான். எங்க நிறுவினான்? முன்னால இருக்கற ஆறு ஃபாரம் இல்லாம நான் என்னன்னு பதில் எழுதறது?"

புத்தகத்தை மூடி மறுபடி பாயின் அடியில் வைத்தார்.

"மருமகன் இதப் பார்க்கல" என்று குரலைத் தாழ்த்தினார். "பார்த்திருந்தான்னா நீங்க இங்க உக்காந்திருக்க மாட்டீங்க. நானே உக்காந்திருப்பேனான்னு தெரியாது. அதனால லொக்மான், இனிமே என் வேலை உனக்கு இல்ல. தப்பா எடுத்துக்காத. எனக்கும் பயம் இருக்கு. நான் எழுதி வச்ச இந்த ஒண்ணு இங்க இருக்கட்டும், மீதித் தொண்ணூத்தாறையும் எடுத்துட்டுப் போய் சரியாக் கட்டி அனுப்பு. அதோட முடிஞ்சுது."

"சரி ஹுஸூர்" என்றான் லொக்மான்.

"இன்னொண்ணு. அந்தப் புத்தகம் முழுசாக் கட்டினதும் எனக்கு ஒண்ணு குடு. கடைக்கு வேணாம். வீட்டுக்குக் கொண்டுவா."

திரும்பி வரும் வழியெல்லாம் ரிக்ஷா பக்கத்திலேயே நடந்து நான் திட்டினேன். புத்தகத்தை வாங்கி யாரிடம் காட்டப்போகிறாரோ, அதுவே சாட்சியாகிவிடும், ஒரு தாள்கூடக் கொடுக்காதே என்றேன். லொக்மான் ரிக்ஷாவிலிருந்து, "கேட்டு வாங்கிப் படிக்கறேன்னு சொன்ன முதல் ஆளு அவருதான் சாச்சா" என்றான். "இந்த மூணு மாசத்துல வந்தவங்க ஒருத்தரும் அதுல என்ன எழுதியிருக்குன்னு கேக்கல. நீங்க கேட்டீங்களா?"

நான் கேட்கவில்லைதான்.

தைத்து ஒட்டி வெட்டின புத்தகத்தைப் பிரிப்பது, உரித்த கோழிக்கு இறகு ஒட்டுவது மாதிரி வேலை. அட்டையை ஆவி காட்டிக் கழற்ற வேண்டும், முதுகுப் பசையை நனைத்துச் சுரண்ட வேண்டும், நூலை ஒவ்வொரு கண்ணாக அறுக்க வேண்டும். மொமேனா வேறு யாரையும் கூப்பிடவில்லை. லொக்மான் புத்தகத்தை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இடதுகையால் நூலை அறுத்தான். எட்டு நாள். கிச்சடியும் உருளைக்கிழங்கு மசியலும்தான் சாப்பாடு, அதில் கடுகெண்ணெய் நாளுக்கு நாள் குறைந்தது. பிரித்தெடுத்த ஏழாவது ஃபாரத்துக்கு ஓரம் ஏற்கெனவே வெட்டுப்பட்டிருந்தது. அதனால் அது சேர்கிற தொண்ணூற்றாறு புத்தகத்தையும் மற்றதைவிட அரை விரல்கடை சின்னதாக வெட்டினேன். வேறு வழியில்லை, அந்தத் தாளை மறுபடி அச்சடிக்க நாட்டில் ஆளில்லை.

தொழுகைப் புத்தகங்களைத் திருப்பி அனுப்பினோம். பிப்ரவரி ஒன்றாம் தேதி இஃபத்தின் கடையில் அஷ்ஃபாக்கின் புத்தகம் பெரிய அடுக்கு ஒன்று, சின்ன அடுக்கு ஒன்று என்று இருந்தது. ஏன் இரண்டு அளவு என்று இஃபத் கேட்டபோது மொமேனா, "தாள் சரியில்ல ஆபா" என்றாள். கடைக்கு முன்னால் இரண்டு போலீஸ்காரர்கள் நாற்காலி போட்டு கடலை தின்றார்கள். வாங்கினவர்களில் பாதிப் பேர் உறைக்குள் போட்டுத் தரச் சொன்னார்கள். மேளா முடியும் முன்பே எல்லாம் தீர்ந்தது. யார் படித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

மூன்றில் இரண்டு திரும்பி வந்தன. இரண்டு பேருமே ஜனாஸாத் தொழுகை இல்லை என்றுதான் குறை சொன்னார்களாம். மூன்றாவது இன்றைக்கு வரைக்கும் வரவில்லை. படியில் தெரியாத செருப்புச் சத்தம் கேட்டால் மொமேனா கையிலிருக்கிற ஊசியை அப்படியே நிறுத்துகிறாள். சத்தம் மேல்மாடிக்குப் போன பிறகு தைக்கிறாள். இப்போது பள்ளிக்கூட நோட்டுதான் தைக்கிறாள், கூலி பாதி.

மார்ச்சில் ஒரு பகலில் லொக்மான் மவுலானா வீட்டுக்குப் புறப்பட்டான். அவனைத் தனியாக விட எனக்கு மனசில்லை. வெயில் வந்துவிட்டது. ஹம்மாத் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து மவுலானா சொல்லி அனுப்பியிருந்தார். பத்து நாளுக்கு முன்பே புத்தகத்தை ஒரு பழக்கூடையில் வைத்து அனுப்பியிருந்தோம். இப்போது அது அவர் முன்னால் விரித்துக் கிடந்தது, பதினெட்டு ஃபாரத்திலும் பென்சில். பக்கத்தில் ஒரு நீளக் கணக்கு நோட்டு, நிறைய எழுதியிருந்தார்.

"முடிச்சிட்டேன்" என்றார். "அச்சடிக்கலாம்னு ரெண்டு பேருகிட்ட கேட்டேன். ஒருத்தன், 'ஹுஸூர், எதுக்கு மெனக்கெடறீங்க, அவனுக்குத்தான் பதில் குடுத்தாச்சே'ங்கறான். இன்னொருத்தன், அவன் பேர எழுதினாலே நீங்களும் அவன் பக்கமான்னு கேப்பாங்கங்கறான். நாப்பது வருஷம் ஓதினவன் நான். என்னைப் பார்த்து."

மூச்சு வாங்கினார். "கேக்கறீங்களா? படிக்கட்டுமா?"

எனக்கு வேலை கிடந்தது. லொக்மான், "படிங்க ஹுஸூர்" என்றான்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் படித்தார். எனக்குப் பாதி புரியவில்லை, மீதியில் தூக்கம் வந்தது. ஆனால் அவர் கோபப்பட்டதெல்லாம் எதிரில் ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. 'நீ இப்படிச் சொல்கிறாய், சரி, அப்படியானால் இதற்கு என்ன சொல்வாய்' என்று பக்கத்துக்குப் பக்கம் கேட்டிருந்தார். லொக்மான் முட்டியைக் கட்டிக்கொண்டு கண் எடுக்காமல் கேட்டான்.

முடித்ததும் மவுலானா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "எப்படி?"

"நல்லா இருக்கு ஹுஸூர்" என்றான் லொக்மான். "அவரு இதுக்குப் பதில் சொல்லியிருப்பாரு."

"என்ன சொல்லியிருப்பான்?"

லொக்மான் யோசித்தான். "எனக்குத் தெரியாது ஹுஸூர். நான் பைண்டர். ஆனா அவரு சொல்லியிருப்பாரு."

மவுலானா நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொன்னார்கள். அவர் உடனே எழுந்திருக்கவில்லை.

"ஆமா" என்றார். "சொல்லியிருப்பான்."